வடக்கால வைச்ச வாசல்

படலையைத் தள்ளிக்கொண்டு வாங்கோ தங்கச்சி. அது பூட்டினதில்லை, ஆடு வருமெண்டு கயித்தால கொழுவி வைச்சிருக்கிறன். கயித்தை மேலால எடுங்கோ. ஓம், அப்பிடித்தான். குடையை அந்த மூலையில வையுங்கோ. அந்தக் கதிரையில இராதையுங்கோ, அதுக்கு ஒரு கால் சரியில்லை. இதில இருங்கோ.

தேத்தண்ணி வைக்கிறன். வேண்டாமெண்டு சொல்லாதையுங்கோ, வெயிலுக்குள்ளால வந்த களை முகத்தில தெரியுது. பளையில இருந்தோ? பஸ்ஸால இறங்கி நடந்தோ வந்தனீங்கள்? ஒரு ஓட்டோ பிடிச்சிருக்கலாமே. அவங்களும் இந்த ஒழுங்கைக்கு வாறதெண்டால் முகத்தைச் சுளிக்கிறாங்கள்தான்.

என்ன அலுவலா வந்தனீங்களெண்டு நான் கேக்கமாட்டன். எனக்குத் தெரியும். நல்ல சீலை உடுத்து, தோளில பையும் கொழுவிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு பொம்பிளை இந்த ஒழுங்கைக்குள்ள வாறாவெண்டால் அது திரவியண்ணையின்ர பெடியனை விசாரிக்கத்தான். சாதகம் பொருந்தினவுடன பொம்பிளை பகுதியில இருந்து ஒராள் வந்து அயலுக்குள்ள மெல்லமாக் கேட்டுப் பாத்திட்டுப் போறதுதானே எங்கட முறை. எத்தினை பொருத்தம் இருந்தென்ன, அயலில ஒரு சொல் பிசகினால் சம்பந்தம் அதோட நிண்டிடும்.

உங்களுக்கு முதல் முள்ளியவளையில இருந்து ஒரு ஐயா வந்தவர். அதுக்குப் பேந்து வட்டக்கச்சியில இருந்து ஒரு தாயும் மகளும். இப்ப நீங்கள் இருக்கிற கதிரையிலதான் இருந்தவை. நான் நடந்ததைச் சொன்னன். ஒரு சொல் கூட்டேல்லை, ஒரு சொல் குறைக்கேல்லை. கேட்டிட்டு எழும்பிப் போட்டினம். பேந்து இந்தப் பக்கம் காணேல்லை. நான்தான் குழப்பினதெண்டு ஒழுங்கைக்குள்ள கதைக்கினமாம். நான் ஏன் குழப்பிறன்? கேட்டவை, சொன்னன்.

உங்களுக்கு ஒளிக்கத் தேவையில்லை. திரவியண்ணையின்ர வளவில மேளச் சத்தம் கேக்கக் கூடாது. என்ர சீவன் இருக்குமட்டும் கேக்கக் கூடாது. என்ர மூத்தவன் நிதர்சன் இருந்திருந்தால் இந்த முத்தத்தில நாங்கள் பந்தல் போட்டு, மேளம் பிடிச்சு, அவனுக்கு ஒருத்தியைக் கொண்டு வந்திருப்பம். இப்ப ஒரு பேரப்பிள்ளை இந்தக் கதிரைக் காலைப் பிடிச்சு ஆட்டிக்கொண்டிருக்கும். ஒண்டும் நடக்கேல்லை. அப்ப அங்க மட்டும் ஏன் நடக்கவேணும்? நீங்களே சொல்லுங்கோ.

இந்தாங்கோ, சீனி காணுமோ பாருங்கோ. எனக்குப் பிறசரோட சீனியும் இருக்கு, அதால வீட்டில அளவாத்தான் போடுறது.

பெடியனைப் பற்றிக் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன். துவாரகன். தண்ணி மோட்டர் திருத்துறவன். குடி இல்லை, சண்டித்தனம் இல்லை, றோட்டில நிண்டு பெட்டையளைப் பாத்துச் சிரிக்கிற பழக்கம் இல்லை. என்ர மோட்டர் நிண்டாலும் அவன்தான் வந்து பாக்கிறது. நான் கூப்பிடுறேல்லை, என்ர மனுசன், இவர்தான் போய்ச் சொல்லுறவர். கழட்டிப் பூட்டிப்போட்டு, மாமி சுவிச்சைப் போட்டுப் பாருங்கோ எண்டு வெளியில நிண்டு சொல்லுவான். போடுவன். ஓடும். நான் ஒரு சொல் கதைக்கிறேல்லை. தேத்தண்ணியைக் கிணத்துக் கட்டில வைச்சிட்டு உள்ள வந்திடுவன். குடிச்சிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுப் போவான். தாய் பழக்கின பழக்கம் அது. யோகக்கா அப்பிடித்தான், ஒரு எச்சில் கோப்பை கிடக்க விடமாட்டா.

ஆனால் தங்கச்சி, பெடியனை மட்டும் பாத்துப் பிள்ளையைக் குடுக்கிறேல்லையே. தகப்பன் ஆரெண்டு பாக்கவேணுமெல்லோ. அந்தத் தகப்பன்தான் என்ர பிள்ளையின்ர உயிரை எடுத்தவர்.

ஏன் கோப்பையை வைச்சிட்டியள், குடியுங்கோ. வெட்டேல்லை, சுடேல்லை. பங்கர் வாசலைப் பிழையா வைச்சு எடுத்தவர்.

நீங்கள் கடைசிச் சண்டையில எங்க நிண்டனீங்கள்? அதுக்கு முதலே யாழ்ப்பாணப் பக்கம் போட்டியளோ. அப்ப உங்களுக்கு விளக்கமாத்தான் சொல்லவேணும்.

திரவியண்ணை கிணறு வெட்டுறவர். இந்தப் பக்கத்தில பாதிக் கிணறு அவற்ற கைதான். அவற்ற வளவும் எங்கட வளவும் பக்கத்துப் பக்கம், இப்ப இருக்கிற மாதிரித்தான். யோகக்கா, அதுதான் அவற்ற மனுசி, எனக்குச் சொந்தமில்லை, ஆனால் கூடப்பிறந்தவள் மாதிரி. வேலியில ஆள் நுழையிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. கறி போறதும் வாறதும் அதுக்குள்ளாலதான். சண்டை கிளிநொச்சிக்குக் கிட்ட வர, ரெண்டு குடும்பமும் ஒரே உழவு மெசினிலதான் வெளிக்கிட்டம். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன். ஒரு இடத்தில தறப்பாள் கட்டி அடுப்பு மூட்டி, பிள்ளையள் அந்த இடத்துக்குப் பழகிற நேரம் பாத்து அடுத்த இடத்துக்கு எழும்பச் சொல்லுவினம்.

எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வேலை பங்கர் வெட்டுறது. ஆள் குனிஞ்சு இறங்கி இருக்கிற குழி. மேல பனங்குத்தியோ தென்னங்குத்தியோ போட்டு, அதுக்கு மேல மண்மூட்டை அடுக்கிறது. ரெண்டு குடும்பத்துக்கும் திரவியண்ணைதான் வெட்டினவர். வெட்ட முதல் அவர் செய்யிற ஒரு வேலை இருக்கு. இடுப்பில கையை வைச்சுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சும்மா நிப்பார். பிள்ளையள் பாத்துச் சிரிக்குங்கள். ஆமி அடிக்கிற செல் விழுற சத்தத்தை விட்டிட்டு அது வெளிக்கிடுற சத்தத்தைக் கேக்கவேணும் எண்டு சொல்லுவார். தூரத்தில ஒரு குத்துற சத்தம் கேக்கும், உலக்கையால இடிச்ச மாதிரி. அது எந்தப் பக்கமெண்டு பிடிச்சு, அதுக்கு எதிர்ப் பக்கமாப் பங்கரின்ர வாசலை வைப்பார். அப்ப செல் வந்து விழுந்து சிதறினாலும் துண்டுகள் முதுகுப் பக்கம் படும், வாசலுக்குள்ளால உள்ள வராது. ஒவ்வொரு இடத்திலயும் அப்பிடித்தான் வைச்சவர். ஒவ்வொரு இடத்திலயும் தப்பினனாங்கள். ஆனந்தபுரத்தில சண்டை நடந்த நாளையில மாத்தளனில எங்கட தண்ணிக் குடம் தன்பாட்டில ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் பங்கருக்குள்ள ஒரு பிள்ளைக்குக் கீறல் இல்லை.

அப்பிடிப்பட்ட மனுசன் முள்ளிவாய்க்காலில, கடைசியா, வடக்கால வாசலை வைச்சார்.

அப்ப ஆமி மாத்தளனுக்குள்ள வந்திட்டான். குத்துறதெல்லாம் வடக்கால. சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும் வடக்காலதான் வருகுதெண்டு. தெரிஞ்சுகொண்டு அந்த மனுசன் வாசலை வடக்கால வைச்சார். சொல்லுங்கோ, இதுக்கு என்ன பேர்?

ஏன் வைச்சவரெண்டோ கேக்கிறியள்? முள்ளியவளை ஐயா இப்பிடிக் கேள்வி கேக்கேல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டிட்டு எழும்பிப் போட்டார். வட்டக்கச்சி மனுசி அழுதா.

நான் ஒரு சொல் சொன்னனான்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. அது வேற கதை.

மாத்தளனில எங்களுக்குப் பக்கத்தில ஒரு குடும்பம் இருந்தது. உடையார்கட்டுப் பக்கத்து ஆக்கள். தாய், தகப்பன், பிள்ளையள், ஒரு கைக்குழந்தை. அவையின்ர பங்கருக்குத் தெற்கால வாசல். ஒரு நாள் விடிய, நான் தண்ணிக்குப் போட்டு வாறன், அந்தப் பங்கரைக் காணேல்லை. மேல செல் விழுந்து அப்பிடியே உள்ள இறங்கிப் போச்சு. ஆக்களை வெளியில எடுக்கேல்லை தங்கச்சி. எடுக்க ஆருக்கு நேரம்? மேல மண்ணைத் தள்ளி மூடிப்போட்டு, ஒரு பூவரசம் தடியை நட்டுவிட்டினம். பங்கராக வெட்டின குழி அதுவே சவக்குழியாப் போச்சு. அந்தக் குழந்தைக்கு முதல் நாள்தான் நான் ஒரு சட்டை குடுத்தனான், என்ர மகளின்ர பழஞ்சட்டை.

தெற்கு ஆற்ற திசையெண்டு உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. செத்த ஆளைத்தான் தெற்கால தலை வைச்சுக் கிடத்திறது. உயிரோட இருக்கிற பிள்ளையளைத் தெற்கால வாய் திறந்த ஒரு குழிக்குள்ள ஆரும் இறக்குவினமோ? அதைக் கண்ணால பாத்த பிறகும்? திரவியண்ணை என்னைக் கூப்பிட்டு, மலர், அது மேல விழுந்த செல், வாசலால வந்ததில்லை எண்டு சொன்னார். அவருக்கு எல்லாம் மண்ணும் கல்லும்தானே.

முள்ளிவாய்க்கால் மண் வேற மண். கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும். மண்மூட்டை அடுக்கினால்தான் சுவர் நிக்கும். உரப்பை எல்லாம் முடிஞ்சுபோச்சு. சீலையைக் கிழிச்சுத்தான் பை தைச்சனாங்கள். யோகக்காவும் நானும் தறப்பாளுக்குக் கீழ இருந்து கையாலயே தைச்சம். பழஞ்சீலை முடிய நல்ல சீலை. அதுவும் முடியக் கூறைச் சீலை. என்ரது அரக்கு, அவவின்ரது மாம்பழக் கலர். ரெண்டையும் ஒரே நேரத்திலதான் கிழிச்சம். கிழிக்கேக்க யோகக்கா சிரிச்சா. உன்ர மனுசன் கட்டின தாலியை உருக்கி ஒரு ஆணி அடிக்கலாமோ எண்டு கேட்டா. அந்த நேரத்திலயும் பகிடி விடுற மனுசி.

திரவியண்ணை வழமை மாதிரி இடுப்பில கையை வைச்சு நிண்டார். பேந்து இரும்பு அலவாங்கால மணலில கோடு கீறினார். வாசலுக்கு அடையாளம் வைச்சது தெற்கால.

நான் போய், அண்ணை இது சரிவராது எண்டு சொன்னன். அவர் கீறிக்கொண்டே இருந்தார். திரும்பவும் சொன்னன். இவருக்குச் சொன்னன், இவர் வாயைத் திறக்கேல்லை. இந்த மனுசன் எப்ப வாயைத் திறந்திருக்குது? திரவியண்ணை வெட்டத் தொடங்கினார். முழங்கால் ஆழம் வந்த உடன நான் அந்தக் குழிக்குள்ள இறங்கி இருந்திட்டன்.

வேற என்ன செய்யிறது? ஒரு தாய் வேற என்ன செய்யிறது?

எழும்பு மலர் எண்டார். எழும்பமாட்டன் எண்டன். என்னை வைச்சு மூடுங்கோ, என்ர பிள்ளையளைத் தெற்கு வாசலால இறக்க விடமாட்டன் எண்டு சொன்னன். அவர் மண்வெட்டியைத் தூக்கி எறிஞ்சார். வடக்கால வைச்சால் எல்லாரும் சாவியள் எண்டு கத்தினார். அவர் கத்தி நான் அண்டைக்குத்தான் கண்டன். அப்ப யோகக்கா வந்து சொன்னா, "அவள் கேக்கிற மாதிரியே வைச்சுக் குடுங்கோவன். அவளும் பிள்ளையளைப் பெத்தவள்தானே."

அவர் மனுசியின்ர முகத்தைப் பாத்தார். பேந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அங்கால போய் வடக்கால வெட்டத் தொடங்கினார்.

இப்ப சொல்லுங்கோ. நான் ஆறாம் வகுப்போட நிண்டவள். எனக்கு என்ன தெரியும்? அவர் வாழ்க்கை முழுக்க மண்ணுக்குள்ள நிண்ட மனுசன். தெரிஞ்ச ஆள் தெரியாத ஆளின்ர சொல்லைக் கேக்கிறதோ? நான் வேற எத்தினை சொல்லியிருக்கிறன். சுதந்திரபுரத்தில மெசினை விட்டிட்டு வர வேண்டாம் எண்டு சொன்னன், கேட்டவரோ? இரணைப்பாலையில கிணத்துக்குக் கிட்ட இருப்பம் எண்டு சொன்னன், கேட்டவரோ? எல்லாத்தையும் தட்டிப்போட்டு, அந்த ஒண்டை மட்டும் ஏன் கேக்கவேணும்? என்னைப் பிடிச்சு இழுத்து வெளியில எறிஞ்சுபோட்டு வெட்டியிருக்கலாம். நான் என்ன, மலையோ? அப்ப எலும்பும் தோலும்.

அதைத்தான் நான் மன்னிக்கமாட்டன் எண்டு சொல்லுறன்.

கொஞ்சம் இருங்கோ, ஆடு கத்துது. இல்லை, சும்மாதான் கத்துது. அதுக்கு ஆக்கள் வந்தால் தன்னைப் பாக்க வேணும்.

பங்கர் வெட்டி முடிய, வாசலுக்கு முன்னால ஒரு மறைப்புச் சுவர் வைக்கவேணும் எண்டு திரவியண்ணை நிண்டார். வடக்கால வாறதை அது தடுக்குமாம். இவரும் அவரும் மண் நிரப்பி அடுக்கிக்கொண்டு வந்தவை. என்ர கூறையும் யோகக்காவின்ர கூறையும் அந்தச் சுவரிலதான். இடுப்பளவு வந்திட்டுது. மேல வைக்க ஒரு குத்தி வேணுமெண்டு ரெண்டு பேரும் கடற்கரைப் பக்கம் போனவை. அங்க விழுந்த தென்னை ஒண்டு கிடந்தது.

அந்த நேரத்திலதான் ஆமி அடிக்கத் தொடங்கினான்.

நான் அடியில. மகளும், துவாரகனும், நானும். நிதர்சன் வளந்த பிள்ளை, கால் நீட்ட இடம் காணாதெண்டு எப்பவும் வாசலோடதான் இருப்பான். யோகக்காவும் வாசலோட இருந்தா. அடுப்பில கஞ்சி கிடந்தது, அது கொதிச்சு ஊத்துதோ எண்டு எட்டிப் பாத்துக்கொண்டு இருந்தா. நான் ரெண்டு சின்னனின்ர தலையையும் என்ர மடிக்குள்ள அமத்திக்கொண்டு மேல கவிண்டு கிடந்தன். ஒண்டு என்ர, ஒண்டு அவையின்ர. அந்த இருட்டுக்குள்ள எது ஆற்றயெண்டு ஆர் பாத்தது?

ஒரு செல் சுவருக்கு இஞ்சால விழுந்தது. வாசலுக்கு நேர.

புகை போக நான் பாத்தது மண். என்ர அரக்குக் கூறை கிழிஞ்சு, அதுக்குள்ளால மண் கொட்டிக்கொண்டு இருந்தது. நிக்காமல் கொட்டினது. மகன் இருந்த இடத்தில இருந்த மாதிரியே இருந்தான். யோகக்காவும் அப்பிடித்தான். ரெண்டு பேரும் ஒரே துண்டில போன மாதிரி ஒருத்தரில ஒருத்தர் சாஞ்சு.

குத்தியைத் தூக்கிக்கொண்டு வந்த ரெண்டு ஆம்பிளையளுக்கும் ஒண்டும் இல்லை. பாத்தியளே? அவர் வெளியில நிண்டவர். என்ர பிள்ளை உள்ள இருந்தவன். வெட்டின ஆளுக்கு ஒண்டும் இல்லை.

ஓம், மனுசி போனவதான். அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. மனுசி வேற, பிள்ளை வேற, தங்கச்சி.

திரவியண்ணைதான் குழி வெட்டினார். இடம் பாத்து, காது குடுத்துக் கேக்கிற வேலை அண்டைக்கு இல்லை. நேர வெட்டினார். ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில. அந்த நேரத்திலயும் நான் பாத்தன், தலை தெற்கால இருக்கோ எண்டு. இருந்தது. சரியா வைச்சவர். அதை மட்டும் சரியா வைச்சவர்.

அண்டையில இருந்து அந்த மனுசனோட நான் கதைக்கேல்லை. முகாமில பக்கத்துப் பக்கத்துக் கொட்டிலிலதான் விட்டாங்கள், கதைக்கேல்லை. ஊருக்குத் திரும்பி வந்தம், அதே வளவு, அதே ஒழுங்கை, கதைக்கேல்லை. வேலிப் பொட்டை ஓலை வைச்சு அடைச்சுப்போட்டன். இவருக்குச் சூடு சுரணை இல்லை. பின்னேரம் ஆனால் அங்க போய்க் குந்தியிருந்து கடதாசி விளையாடுறது. ரெண்டு பேருமா என்ன கதைக்கிறியள் எண்டு கேட்டால், ஒண்டும் கதைக்கிறேல்லை எண்டு சொல்லுறது. மகள் வவுனியாவில இருந்து போன் எடுத்தால் முதல் கேள்வி, அம்மா திரவியம் மாமா சுகமோ எண்டுதான். தாய் சுகமோ எண்டு கேக்கிறது பேந்து.

அந்த மனுசன் செய்த வேலையைப் பாத்தனீங்களோ? வீட்டுத்திட்டத்தில வீடு கட்டேக்க எல்லாரும் கிழக்குப் பாத்து வாசல் வைச்சவை. அவர் மட்டும் தெற்கால வைச்சார். நேர என்ர படலையைப் பாத்து. அளந்து குடுக்க வந்த பெடியன் கேட்டானாம். கோயில் ஐயர் கூப்பிட்டுக் கேட்டவராம். ஒருத்தருக்கும் மறுமொழி சொல்லேல்லை. ஒவ்வொரு நாள் விடியவும் நான் படலையைத் திறந்தால் அந்த வாசல்தான் முன்னுக்கு நிக்குது. எனக்குக் காட்டத்தான் வைச்சவர். வேற என்னத்துக்கு? அண்டைக்கு என்ர பிள்ளைக்கு வைக்காத வாசலைத் தனக்கு வைச்சுப்போட்டு அதுக்குள்ளால போய் வந்துகொண்டு இருக்கிறார்.

அதால சொல்லுறன் தங்கச்சி, உங்கட பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்பிறது உங்கட விருப்பம். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. நடந்ததைச் சொல்லிப்போட்டன். போய் வீட்டில சொல்லுங்கோ, மாப்பிளையின்ர தகப்பன் வாசல் வைக்கத் தெரியாத மனுசன், அவரை நம்பி இருந்த ரெண்டு சீவன் போச்செண்டு.

என்ன?

ஆர் காட்டினது இந்த வீட்டை? கடையில கேட்டனீங்களோ?

அவரோ?

முதல் அங்கதான் போனனீங்களோ. அதை வந்த உடன சொல்லியிருக்கலாமே, நான் இவ்வளவு நேரமும் தொண்டை வறளக் கதைச்சுக்கொண்டு இருக்கிறன். நான் கதைக்க விடேல்லையோ. சரி, இப்ப சொல்லுங்கோ. என்ன சொல்லி அனுப்பினவர்?

அந்த வீட்டில போய்க் கேளுங்கோ, அவ என்ன சொன்னாலும் அது சரி எண்டோ? அப்பிடியே சொன்னவர்? முள்ளியவளை ஐயாவையும் அவர்தான் அனுப்பினவராமோ. வட்டக்கச்சி ஆக்களையும். நான் நினைச்சன், நான் சொல்லுறது அவருக்குத் தெரியாதெண்டு. தெரிஞ்சு பயந்து கொண்டிருக்கிறாரெண்டு பேந்து நினைச்சன்.

பங்கரைப் பற்றியும் சொன்னவரோ? எல்லாமோ? தான்தான் வாசலைப் பிழையா வைச்சதெண்டு தன்ர வாயால சொன்னவரோ?

வேற என்ன சொன்னவர்?

குழிக்குள்ள ஒராள் இறங்கி இருந்ததைச் சொல்லேல்லையோ. ஆரோ மறிச்சதெண்டு. ஒண்டும் சொல்லேல்லையோ. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. யோகக்கா சொன்னதையும் சொல்லேல்லையோ.

இல்லை.

தாங்கோ கோப்பையை. ஆறிப்போச்சு, சூடாக்கிக்கொண்டு வாறன்.

சரியாத்தான் சொல்லியிருக்கிறார். அவர்தானே வைச்சவர். அதில மாத்திச் சொல்ல என்ன இருக்கு?

அந்தத் தெற்கு வாசலை ஏன் வைச்சதெண்டு கேட்டனீங்களோ? நீங்கள் கேட்டிருப்பியள், கேள்வி கேக்கிற ஆள் நீங்கள். என்னவாம்? அண்டைக்கு வைச்சிருக்க வேண்டிய வாசலாமோ. அதுதான் இப்ப வைச்சிருக்கிறாராமோ. அண்டைக்கு வைச்சிருக்கலாமே. ஆர் வேண்டாமெண்டது?

என்ன தங்கச்சி, என்னைப் பாக்கிறியள். புகை. அடுப்புப் புகை கண்ணுக்குள்ள போட்டுது. இந்த விறகு காயேல்லை.

இன்னொண்டு கேக்க வேணுமோ? கேளுங்கோ.

மாப்பிளைக்குத் தாய் தகப்பன் இடத்தில ஆர் நிக்கிறதெண்டோ. அது அவையின்ர சொந்தத்தில ஆரையாவது பிடிக்கவேணும். மனுசி இல்லாத ஆள் தகப்பனா மணவறைக்குக் கிட்ட நிக்கேலாது. ஒரு புருசன் பெண்சாதி சோடியா நிக்கவேணும். எங்கட முறை அப்பிடித்தான், உங்களுக்கும் தெரியும்.

எங்களையோ?

இவரையும் என்னையுமோ சொன்னவர்? நாங்கள் நிண்டால்தான் கலியாணம், இல்லையெண்டால் பெடியன் இப்பிடியே இருக்கட்டும் எண்டோ? பெடியனும் அதைத்தான் சொன்னவனோ? மாமியின்ர மடிக்குள்ளாலதான் எழும்பி வந்தனானெண்டு சொன்னவனோ. அவனுக்கு அது நினைவிருக்கோ. அவன் அப்ப சின்னன்.

இதை ஏன் மற்ற ஆக்கள் கேக்கேல்லை? முள்ளியவளை ஐயா இதைக் கேக்கத்தான் வந்தவரோ? நான் சொன்னதைக் கேட்ட பிறகு வாய் எழும்பியிராது. வட்டக்கச்சி மனுசி அழுதது இதுக்குத்தானோ.

ஏலாது. ஏலாதெண்டு போய்ச் சொல்லுங்கோ.

நான் போய் நிக்கிறதோ அந்த வளவில? மேளம் கேக்கக் கூடாதெண்டு இருந்தவள் அந்த மேளத்துக்குப் பக்கத்தில போய் நிக்கிறதோ? ஊர் என்ன சொல்லும்? மலருக்குக் கோவம் போட்டுதெண்டு சொல்லும். போகேல்லை. அதைத் தெளிவாச் சொல்லிப்போடுங்கோ அந்த மனுசனுக்கு. இந்தக் கட்டை வேகுமட்டும் போகாது. மன்னிச்சதெண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது.

குடையை எடுக்கிறியளோ. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. இருங்கோ. இதைக் குடிச்சிட்டுப் போங்கோ, ரெண்டாந்தரம் சூடாக்கினது.

பந்தல் எங்க போடுறது? உங்கட பக்கமோ, அவற்ற வளவிலயோ? உங்களிட்ட இடம் காணாதோ. அப்ப இஞ்சதான். அந்தக் கிணத்தடிக்கும் மாமரத்துக்கும் இடையில போடுவினம் போல. கூறை எடுத்தாச்சோ? இன்னும் இல்லையோ. அரக்கு எடுக்காதையுங்கோ. மாம்பழக் கலர் பாருங்கோ, அந்தப் பெடியன்ர தாய்க்கு அதுதான். உங்கட பிள்ளை நிறமோ? நிறமெண்டால் நல்லா எடுபடும்.

மணவறையை எந்தப் பக்கம் பாத்து வைக்கிறதெண்டு கதைச்சவையோ? அதைக் கேக்கேல்லையோ நீங்கள். எல்லாத்தையும் கேட்டிட்டு முக்கியமானதை விட்டிட்டு வந்திருக்கிறியள். கிழக்குப் பாத்துத்தான் வைக்கவேணும், அந்த வளவில மாமரம் நிக்கிற நிலைக்கு ஆரும் யோசிக்காமல் செய்தால் அது தெற்கால திரும்பிப்போடும். அந்த மனுசன்ர கையில விட்டால் பிழையாத்தான் வைப்பார், எனக்குத் தெரியும்.

கயித்தைத் திரும்பக் கொழுவிவிட்டிட்டுப் போங்கோ தங்கச்சி, ஆடு வந்திடும். பஸ்ஸுக்குப் போக முதல் அங்க ஒருக்கால் எட்டிப் பாத்து அவருக்குச் சொல்லுங்கோ, நான் வந்து இடத்தைப் பாக்குமட்டும் அந்த முத்தத்தில ஒரு தடி நட வேண்டாமெண்டு.